அக்கா வெளியே நிறுத்திய பிள்ளை

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் அவரைப் பற்றி நல்லதைப் படிக்கவே விரும்புவீர்கள். நல்லது நிறைய இருக்கிறது. ஆனால் கடைசி மாதங்களில் ஒரு நாள், பாலக்காட்டு மருத்துவமனையில் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, அக்கா திடீரென்று கேட்டார்.

"நான் போனா மலர் போடுவீங்கதான?"

"அந்தப் பேச்செல்லாம் இப்ப எதுக்குக்கா?"

"போடுவீங்க, எனக்குத் தெரியும். போட்டா அந்தப் புள்ளைய வெளிய நிறுத்துனதயும் எழுதோணும். அத உட்டுப்போட்டு டீச்சர் தங்கமானவங்கன்னு மட்டும் எழுதாத."

ஆகவே எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், நெல்லும் நிலக்கடலையும் விளைந்த ஒரு சிறு விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. நான் அவருக்கு மூன்று வயது இளையவள். அக்கா ஒன்பதாவது படிக்கும்போது அப்பா காலமானார். காலையில் மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு, கால் கழுவாமலேயே பள்ளிக்கு ஓடி, எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்தார். வேலைக்கான உத்தரவு வந்தபோது சித்தப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தேவிகுளம் தாலூக்கா? மலைக்காட்டுல பொட்டப்புள்ள தனியா இருக்கறதா?" என்று உத்தரவை மடித்து ஜன்னல் மேல் வைத்துவிட்டார். அம்மா அதை எடுத்து அக்காவின் பெட்டிக்குள் வைத்தார். அவ்வளவுதான் பேச்சு. பொள்ளாச்சி, உடுமலை வழியாக மறையூர் ஏறி அக்கா மலைக்குப் போனது எழுபதுகளின் தொடக்கத்தில்.

தேயிலைத் தோட்டத்தின் நடுவே தகரக் கூரை போட்ட நீண்ட கட்டடம் பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பிள்ளைகள். எல்லாரும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வருபவர்கள். அப்பா அம்மா இருவரும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். முதல் நாள் அக்கா, "எல்லாரும் உக்காருங்க கண்ணுகளா" என்றதும் வகுப்பே சிரித்ததாம். "நம்மளப் போயி டீச்சர் உக்காருங்கங்காக!" என்று ஒரு பிள்ளை அடுத்த பிள்ளையின் தோளில் தட்டியதாம்.

தலைமை ஆசிரியர் தொடுபுழைப் பக்கத்து மலையாளி. நல்ல மனிதர், பயந்த மனிதர். அன்றே ஒரு பிரம்பைக் கொடுத்து, "இது இல்லாம இங்க நடக்கில்லா டீச்சரே" என்றார். அக்கா அதை வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிள்ளைகளை அடிப்பதில்லை என்பது அவர் தமக்குத் தாமே செய்துகொண்ட சத்தியம். அதற்குப் பதிலாக ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினார். "விரல்" என்று மெதுவாகச் சொல்வார். நாற்பது பிள்ளைகளும் ஆட்காட்டி விரலை உதட்டில் வைப்பார்கள். அக்கா "எடுக்கலாம்" என்று சொல்லும்வரை ஒரு விரலும் இறங்காது. கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்கும். பள்ளிக்கு யார் வந்தாலும் தலைமை ஆசிரியர் அவர்களை முதலில் ஒன்றாம் வகுப்பு வாசலுக்குத்தான் அழைத்து வருவார். அக்காவுக்கு அதில் பெருமை உண்டு. பெருமை இருந்தது என்பதையும் எழுதச் சொன்னவர் அவர்தான்.

காலை இடைவேளை முடிந்ததும் அரைமணி நேரம் கதைப் புத்தகம். பாலக்காட்டில் வாங்கிய சில படப்புத்தகங்களைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். பறவைப் படங்கள் மட்டும் உள்ள ஒன்று. அதற்குப் பிள்ளைகளே கதை சொல்ல வேண்டும். அவருக்கு மிகப் பிடித்தது சந்தைக்குப் போகும் ஒரு கழுதையின் கதை. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கழுதையின் முதுகில் ஒவ்வொரு மூட்டை ஏற்றுவார்கள். பக்கத்துக்குப் பக்கம் மூட்டை உயரும். அக்கா குரலை மாற்றி மாற்றி வாசிக்கும்போது பிள்ளைகள் வாய் திறந்தபடி இருப்பார்கள்.

மூன்றாம் ஆண்டு, மலையாளக் கர்க்கடக மாதமான ஆடியின் மழைக்காலத்தில் நானும் அங்கே இருந்தேன். இரண்டாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போனதால் தற்காலிகமாக எனக்கு அந்த இடம் கிடைத்திருந்தது. இரு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான்.

அன்று நான் சொல்லச் சொல்ல எழுதும் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் கழுதைக் கதை. செல்லக்கனி என்று ஒரு பிள்ளை, ஆறு வயது. அவளுக்கு அந்தக் கதை மனப்பாடம். அக்கா பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அடுத்து வருவதை எழுந்து நின்று கத்துவாள். அவள் கத்தினால் எல்லாரும் கத்துவார்கள். நான் இரண்டு முறை பொறுத்தேன். மூன்றாம் முறை தட்டியைத் தள்ளித் தலையை நீட்டினேன்.

"அக்கா, உன்ற க்ளாஸுச் சத்தத்துல என்ற புள்ளைகளுக்கு ஒண்ணுமே கேக்கல. ஒரு புள்ளைய அடக்க முடியாதா?"

எல்லாப் பிள்ளைகளுக்கும் எதிரில் சொன்னேன். அக்காவின் முகம் சிவந்தது. புத்தகத்தை மூடினார்.

"செல்லக்கனி, எந்திரி. வெளிய போயி நில்லு. வாயில விரல வெய்யி. நான் கூப்படற வரைக்கும் எடுக்கக் கூடாது. ஆரு கூப்புட்டாலும் பேசக் கூடாது. தெரிஞ்சுதா?"

பிள்ளை தலையாட்டிவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றாள்.

சிறிது நேரத்தில் தலைமை ஆசிரியர் வருகைப் பதிவேட்டோடு அக்காவை ஆபீசுக்கு அழைத்தார். திரும்பி வந்த அக்கா கூட்டல் கணக்குப் போட்டார். மணி அடித்தது. மஞ்சள் உப்புமா வந்தது. பிள்ளைகள் அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கடைசியில் சுவரோரம் ஒரு தட்டு மிஞ்சியது.

அக்கா அந்தத் தட்டைப் பார்த்தார். வராந்தாவுக்கு ஓடினார். அங்கே யாரும் இல்லை. வெளியே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது.

கழிப்பறையில் பார்த்தோம். சமையல் கொட்டகையில் பார்த்தோம். லயத்துக்கு ஓடிய பியூன் வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தார். பள்ளிக்குக் கீழே ஓடை இரைவது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. அதுவரை கேளாத சத்தமா அது? தினமும் கேட்டதுதான். அன்று வேறு மாதிரி கேட்டது.

"டீச்சர் ஆபீஸ்ல இரிக்கணும்" என்றார் தலைமை ஆசிரியர். "ஆளுங்க வந்தா நான் பேசறேன். குட்டி கேக்காம மூத்திரத்துக்குப் போச்சு. அப்படிச் சொன்னா மதி, போதும்."

"தாய்கிட்ட ஆருங்க சார் சொல்றது?" என்று கேட்டார் அக்கா.

"பின்னே சொல்லலாம். முதல்ல குட்டி கிட்டட்டும்."

அக்கா நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொழுந்து பறிக்கும் மலைக்கு ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். செல்லக்கனியின் தாய் ஞானம்மாள் ஈரம் படாமலிருக்கப் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நடு வரிசையில் நின்றிருந்தார்.

"டீச்சர், இந்த மழையில இங்கன எதுக்கு வந்தீக?"

"செல்லக்கனியக் காணோமுங்க. நாந்தான் வெளிய நிக்க வெச்சேன். மறந்துட்டனுங்க."

ஞானம்மாள் முதுகிலிருந்த கூடையை இறக்கிச் செடியின் மேல் வைத்தார். கொழுந்து சிந்தாமல் வைத்தார். அப்புறம்தான் ஓடினார். பக்கத்து வரிசைப் பெண்களும் கூடையை இறக்கினார்கள். "எவளாச்சும் எறங்கினா இன்னைக்குக் கூலி இல்ல, பேர வெட்டிப்புடுவேன்" என்று கங்காணி கத்தினார். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது தொழிற்சாலையிலிருந்து தகப்பனும் ஆட்களும் வந்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் அவர்களிடம், பிள்ளை கேட்காமல் வெளியே போய்விட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்படி இல்லீங்க" என்றார் அக்கா. "நான் நிக்க வெச்சேன். எத்தன நேரம் ஆச்சுன்னு நான் பாக்கல."

தகப்பன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அடிக்கவில்லை. கை அப்படியே நின்றது. "எம் புள்ளைய எங்கன்னு கேக்கேன்... எங்க டீச்சர்?" என்று அழுதுவிட்டார். யாரோ, "இந்தம்மா எங்கயும் போகக் கூடாது" என்றார்கள். எங்கள் இருவரையும் ஆபீசில் உட்கார வைத்து, வாசலில் ஒருவர் நின்றுகொண்டார். மற்றவர்கள் ஓடைப் பக்கம் இறங்கினார்கள்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று இன்றும் எனக்குக் கணக்கில்லை. எல்லாப் பக்கமும் குரல்கள். "ஏட்டி செல்லக்கனீ!" மேலே தேயிலைக்குள் இருந்து, கீழே ஓடையிலிருந்து, கழிப்பறைக்குப் பின்னாலிருந்து. ஒவ்வொரு குரலுக்குப் பின்னும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். பதில் இல்லை. நான் தலையை நீட்டிச் சொன்ன சொல் எனக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. அக்காவைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

திடீரென்று அக்கா என் கையைப் பிடித்தார். "நான் என்ன சொல்லி அனுப்பினேன்?"

"என்னக்கா?"

"ஆரு கூப்புட்டாலும் பேசக் கூடாதுன்னு சொன்னேன். சொன்னனா இல்லியா?"

எழுந்து வாசலுக்குப் போனார். காவலுக்கு நின்றவர் குறுக்கே கையை நீட்டினார். "உடுங்க. நான் கூப்புட்டாத்தான் அவ பேசுவா. உங்க காலப் புடிக்கறேன், உடுங்க." அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

பள்ளிக்குப் பின்னால் தேயிலை தொடங்கும் இடத்தில் அக்கா நின்று, எல்லாரையும் கத்தாமல் இருக்கச் சொன்னார். ஆண்கள் கோபத்தோடு பார்த்தார்கள். ஞானம்மாள்தான் கையை உயர்த்தி, "சும்மா இருங்க எல்லாரும்" என்றார். குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"செல்லக்கனி, டீச்சர் கூப்படறேன். விரல எடுத்துரு கண்ணு. இனிப் பேசலாம்."

ஒன்றுமில்லை. பத்தடி நடந்து மறுபடி கூப்பிட்டார். இன்னும் பத்தடி. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, எங்கள் காலடியிலிருந்தே ஒரு சின்னக் குரல் வந்தது.

"டீச்சர்... நான் இங்கன கெடக்கேன்."

மழைநீர் வடிய வரிசைகளுக்கு நடுவே வெட்டியிருந்த ஆழமான கான். மேலே செடிகள் மூடியிருந்தன. சிறுநீர் கழிக்க ஒதுங்கிய பிள்ளை வழுக்கி உள்ளே விழுந்திருக்கிறாள். கல்லில் கால் மாட்டி, நெஞ்சளவு தண்ணீரில், வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் கிடந்த இடத்தை ஆட்கள் இரண்டு முறை தாண்டிப் போயிருந்தார்கள்.

தூக்கி எடுத்ததும் தகப்பன் உலுக்கிக் கேட்டார். "இம்புட்டுப் பேரு கூப்பிட்டோமே, கேக்கலியாட்டி?"

"கேட்டிச்சு. அம்மா கூப்பிட்டதும் கேட்டிச்சு. டீச்சர் பேசக் கூடாதுன்னாக."

அக்கா மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கணுக்கால் முறிந்திருந்தது. சளி நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் ஏறியது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மூன்று நாட்கள் பிள்ளைக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. பள்ளி விட்டதும் அக்கா போய்க் கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். ஞானம்மாள் அவரோடு பேசவில்லை, போகவும் சொல்லவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்றுதான் ஞானம்மாள் வாய் திறந்தார்.

"டீச்சர், நீங்க நல்லவுக. அடிக்க மாட்டீக, அது தோட்டத்துக்கே தெரியும். ஆனா எம் புள்ள சாகக் கெடந்தப்பயும் பெத்தவளுக்குப் பதில் சொல்லாம உங்க பேச்சக் கேட்டிருக்கா. அத நெனச்சா எனக்குப் பயமா இருக்கு."

அக்கா எங்கள் அறைக்கு வந்து அன்று சாப்பிடவில்லை.

கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தலைமை ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை அக்கா கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததைத் தாமே எழுதினார். வேலை போகவில்லை, பணி உறுதியாவது ஓராண்டு தள்ளிப் போயிற்று. எல்லாம் எழுதியவர் ஒன்றை மட்டும் எழுதவில்லை. நான் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சொன்னதை. "உன்ற பேரு எதுக்கு அதுல? நிறுத்துனது நான்" என்றார். அக்கா எழுதாமல் விட்டதை நான் இங்கே எழுதுகிறேன்.

அதன்பின் அக்கா ஒருபோதும் "விரல்" என்று சொல்லவில்லை. எந்தப் பிள்ளையையும் வாசலுக்கு வெளியே அனுப்பவும் இல்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒன்றாம் வகுப்பின் முதல் பாடம், பயந்தால் கத்துவது எப்படி என்பதுதான். "டீச்சர் சொன்னாலும் பயமா இருந்தாக் கத்தோணும். எங்க, கத்துங்க பாக்கலாம்" என்பார். கூரைத் தகரம் அதிரும். கால் கூடி, லேசாக நொண்டியபடி செல்லக்கனி வகுப்புக்குத் திரும்பிய நாளில் கழுதைக் கதையை அவளே எல்லாருக்கும் சொன்னாள். அக்கா பக்கத்தை மட்டும் திருப்பினார். ஆய்வுக்கு வந்த அதிகாரி, "இது வகுப்பா, சந்தையா?" என்று குறிப்பு எழுதினார். அக்கா படித்துவிட்டுக் கையொப்பம் போட்டார்.

எழுபதுகளின் இறுதியில் எங்கள் பக்கத்துக்கு மாற்றலாகி வந்தார். திருமணம், ஒரே மகன், முப்பதாண்டுக்கு மேல் ஒன்றாம் வகுப்பு. பெரிய வகுப்புக்கு மாற்றுகிறோம் என்றபோதெல்லாம் வேண்டாமென்றார். இளம் ஆசிரியர்கள் வகுப்பை அடக்கும் வழி கேட்டால், முதலில் அந்த மழைநாளைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார். சிறுநீரகம் பழுதாகி, கடைசி எட்டு மாதங்கள் மிகவும் சிரமப்பட்டார். ஒரு விடியற்காலையில், மகன் கையைப் பிடித்திருக்க, அமைதியாக அடங்கினார்.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மருத்துவமனைக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இன்னும் சிலருக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. கங்காணி பெயரை வெட்டுவேன் என்று கத்தியும் கூடையை இறக்கிவிட்டு மழையில் ஓடிவந்த பெண்கள் அவர்கள். மாலைவரை ஓடையிலும் தேயிலையிலும் தேடினார்கள். பிள்ளை கிடைத்ததும் எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், விட்டுவந்த கூடைகளை எடுக்க மறுபடி மலை ஏறினார்கள். ஞானம்மாளைத் தவிர ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அன்று நான் கேட்கவில்லை. இம்மலர் யார் கையிலாவது மலை ஏறி, அவர்களில் ஒருவரையோ அவர்கள் பிள்ளைகளையோ எட்டுமானால், வாசித்துக் காட்டுங்கள். அக்கா சொல்லச் சொன்ன நன்றி இது.