பயத்துக்கு 'அமைதி' என்று எழுதியவள்

இசைக்கு ஜாதகம் எழுதுவதுதான் என் பிழைப்பு. விளம்பரம், விசேஷ வீடியோ, சீரியல் என்று எல்லாவற்றுக்கும் பின்னணி இசை விற்கும் ஒரு சின்ன கம்பெனி எங்களுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறைக்கு மாடியில் இருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு துண்டையும் கேட்டு வேகம் என்ன, சுருதி என்ன, மனநிலை என்ன என்று நான் எழுத வேண்டும். வாங்குகிறவர் 'சோகம்' என்று தேடினால் சோகம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். வேகத்தையும் சுருதியையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். மனநிலைக்கு மட்டும் மனுஷி வேண்டுமென்று எனக்குச் சம்பளம் தருகிறார்கள். என்னைப்போல் காதை நம்பிக் கஞ்சி குடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் தைரியமாகவே படியுங்கள்.

ஓடிடக் கூடாது

வெள்ளானூர் பக்கம் மனை விற்கிற ஒருவர் விளம்பரத்துக்கு இசை கேட்டு வந்தார். முதல் பாதியில் வாடகைக்கு இருப்பவர் படும் பாடு, மறுபாதியில் சொந்த மனை. முதல் பாதிக்கு, நான் 'பயம்' என்று எழுதி வைத்திருந்த ஒன்றைப் போட்டுக் காட்டினேன். முரசு எழும்பியதும் மனுஷர் நாற்காலியை அரையடி பின்னால் தள்ளிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் காது காதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா பயம் இருக்கணும், பயந்துபோய் போன் நம்பரைப் பாக்காம ஓடிடக் கூடாது."

தொட்டில்

பூந்தமல்லியில் விசேஷ வீடியோ எடுக்கும் மூர்த்தி எங்கள் பழைய வாடிக்கை. 'அமைதி' என்று தேடி, நாற்பது விநாடி ஆர்கெஸ்ட்ரா ஒன்றை எடுத்துப் பெயர் சூட்டு விழா வீடியோவில் சேர்த்துவிட்டார். மெதுவான வேகம், டி மைனர் சுருதி, மனநிலை அமைதி. அந்த 'அமைதி' என் கைங்கரியம்.

அத்தை குனிந்து குழந்தையின் காதில் பெயர் சொல்லப் போகும் இடத்தில் இந்த இசை வருகிறது. அதைப் பார்த்த குழந்தையின் அம்மா, பாவம், பாதி வீடியோவில் எழுந்து ஓடி, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாளாம். மூர்த்தி போனில் கத்தினார்: "இன்னா மேடம், கொயந்த சிவனேன்னு தொட்டில்ல தூங்கினு கீது, உங்க மியூசிக்க கேட்டா எவனோ தூக்கினு போவ வர்ற மாதிரி கீது!"

ஹெட்போன்

உடனே எடுத்துக் கேட்டேன். வயலின்கள் மட்டும் மெல்லிசாக, இழுத்து இழுத்து. தாலாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. மூர்த்திக்குத்தான் கிறுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து மேஜை சேகரிடம் ஹெட்போனை நீட்டினேன். சேகர் எங்கள் ஒலிப்பதிவுக்காரன், அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். கேட்டவன் புருவத்தைத் தூக்கினான்.

"அக்கா, அடில டபுள் பேஸ் உறுமிகினு கீதே, உனக்குக் கேக்கல?"

குறட்டை

"ஏன் கேக்காம?" என்று சொல்லிவிட்டேன். பொய். அவன் டீ குடிக்கப் போனதும் ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி மாட்டினேன். ஆர்கெஸ்ட்ராவில் பெரும்பாலும் வயலின்கள் இடப்பக்கம், ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் டபுள் பேஸ் வலப்பக்கம். திருப்பியதும் இடக்காதில் அந்த உறுமல் வந்தது பாருங்கள். கட்டிலுக்கடியில் ஏதோ மூச்சு விடுகிற மாதிரி உறுமல். இத்தனை நாளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. என் வலக்காதுதான் இல்லை.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்ததும் சோதனை ஆரம்பித்தேன். இடக்காதைப் பொத்திக்கொண்டால் ஃப்ரிட்ஜ் உறுமவில்லை. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. அப்புறம்தான் குறட்டை ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் சமீபமாகக் குறட்டை விடுவதே இல்லை, எல்லாம் ஏரிக்காற்று உபயம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறவள். நல்ல காது தலையணைக்குள் போய்விடும். அவரிடமே கேட்டேன். விஷயம் தெரியாமல் சிரித்தார்.

"நான் எங்கடி நிறுத்தினேன்? நீதான் கேக்கறத நிறுத்திட்டே!"

டைப்பிங்

நான் அழுது முடித்தபின் அவரே காது டாக்டரிடம் கூட்டிப்போனார். வலக்காதில் கனத்த, தாழ்ந்த ஒலி மட்டும் விழவில்லையாம். டாக்டர் மாத்திரை கொடுத்தார், கேட்கும் சக்தி திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்ற நடுக்கத்தில் "டைப்பிங்" என்று உளறினேன். டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது: "அப்புறம் ஏம்மா பயப்படறீங்க? காது போனாலும் வேலை போகாது."

ஒயர்

அதிலிருந்து எதையும் நேராக ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை கேட்டுத்தான் எழுதினேன். யாராவது பின்னால் நடந்தால் தூக்கிவாரிப் போடும். கேட்பதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்? இந்தக் காதும் போய்விட்டால் நான் எதற்கு? முதலாளி நிர்மலா மேடம் கூப்பிட்டபோது, மூர்த்தி விஷயம்தான், கதை முடிந்தது என்று உள்ளே போனேன்.

மேடம் மூர்த்தியைப் பற்றிப் பேசவே இல்லை. "வசந்தி, ஹெட்போன் ஒயர் இடப்பக்கம்தானே தொங்கணும்? உங்களுக்கு மட்டும் அடிக்கடி வலப்பக்கம் தொங்குதே, ஏன்?" என்றார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. டாக்டர் சொன்னது வரை கொட்டித் தீர்த்தேன். மேடம் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். கீழே பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. என் வலக்காதில் அதன் கீச்சு மட்டும் விழுந்தது.

"சேகர் முதல்ல ஒரு தடவை கேட்டுப் பிரிச்சுடட்டும். பயமெல்லாம் அவனுக்கு, அமைதியெல்லாம் உங்களுக்கு. இப்போதைக்கு."

ஆக, ஆபீசில் பயத்தையெல்லாம் சேகர்தான் கேட்கிறான், அந்த 'இப்போதைக்கு'வை மட்டும் நான் தினமும் வீட்டுக்கு எடுத்து வருகிறேன்.