என் விளக்கில் எரியாத எண்ணெய்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், ரந்தாவ் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் வேலை செய்தேன். மண்ணெண்ணெய் கிடைக்காது. மனைவிக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. ரப்பர்க் கழிவைக் காய்ச்சி எண்ணெய் எடுத்ததாகச் சொல்லி ஒருவன் விற்க வந்தான். தன் விளக்கில் எரித்தும் காட்டினான்.

"அவன் விளக்குல எரியும். நம்ம விளக்குல எரியட்டும், அப்புறம் அரிசியைக் குடுங்க," என்றாள் மனைவி.

"முதல்ல அரிசி. சந்தேகம்னா உங்க மண்டோரைக் கேளுலா," என்றான் அவன்.

எங்களை வேலை வாங்கும் மண்டோரும் நானும் ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "என் வீட்டுல எரிச்சுப் பார்த்துட்டேன்டா, வாங்கு," என்றார். அதற்குமேல் பேச எனக்குக் கூச்சம். பிரசவத்துக்கு ஒளித்து வைத்திருந்த அரிசியைக் கொடுத்தேன்.

வலி எடுத்த அன்று, பொழுது சாய்ந்ததும் விளக்கை ஏற்றினேன். படபடவென்று பொரிந்து அணைந்துவிட்டது. மருத்துவச்சி வெளிச்சம் கேட்டுக் கத்தினாள். மண்டோர் வீட்டுக்கு ஓடினேன். அங்கே விளக்கு பளிச்சென்று எரிந்தது, மண்ணெண்ணெய் வாசனை.

"அவன் எண்ணெய் நல்லா எரியுதுன்னு சொல்றதுக்காக அவன் குடுத்த மண்ணெண்ணெய்டா," என்று தலைகுனிந்தார்.

அந்த விளக்கைத் தூக்கி வந்தேன். மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

இப்போதும் கூச்சம் போகவில்லை. ஆனால் எதையும் என் வீட்டில், என் கையால் சோதித்த பிறகே வாங்குகிறேன். அவரை எதிரில் பார்த்தால், மண்டோர் என்றுதான் கூப்பிடுகிறேன்.