வெறுங்கால் மேஸ்திரி

யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றியதும் மேஸ்திரி வலது பாதத்தைத் தரையில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்க்கிறார். "வாங்க, உட்காருங்க" என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் காதில் விழும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் பையன் எதிரே வந்து நிற்க, இவர் பாதத்தால் தடவிக்கொண்டே அடுப்பங்கரை வாசல்வரை போய்விட்டார். "தரையை நிதானமாப் போட்டிருக்காங்க. ஆளுங்களும் நிதானமானவங்களாத்தான் இருப்பாங்க" என்று திரும்பும் வழியில் தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு பலித்தது; மாப்பிள்ளை தங்கமானவர். "என் மூஞ்சியைப் பாக்காமலே மாமாவுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு" என்று அவர் இன்றைக்கும் ஓட்டுகிறார்.

தரைக்குக் கல் பதிப்பது இவர் தொழில். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் வெறுங்கால் மேஸ்திரி. ரசமட்டம் வைத்துப் பார்ப்பார், நூல் பிடித்துப் பார்ப்பார், ஆனால் இரண்டையும் முழுசாக நம்பமாட்டார். கல் இறுகிய மறுநாள் வெறுங்காலோடு மூலைக்கு மூலை நடந்தால்தான் அவருக்குத் திருப்தி. "கண்ணு ஏமாந்துபோகும். கை பழகிப்போனது, எல்லாத்தையும் சரின்னுடும். பாதத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார். நடந்து முடித்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு கல்லையும் விரல் முட்டியால் தட்டுவார். உள்ளே காற்று இருந்தால் சத்தம் பொள்ளலாகக் கேட்கும். அந்தக் கல்லை ஈவு இரக்கமில்லாமல் பெயர்த்துவிடுவார்.

இன்னொரு குணமும் உண்டு. முடியாத வேலையை யாருக்கும் காட்டமாட்டார். முதலாளியே வந்தாலும் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு முன்னால் நின்றுகொள்வார். "முடியட்டும்" என்ற ஒரே வார்த்தைதான் பதில். பாதி சவரத்தில் இருக்கும்போது கண்ணாடிகூடப் பார்க்கமாட்டார் என்று மனைவி கேலி செய்வாள்.

ஊரில் புதுசாகக் கட்டிய கோயிலில் தரை முழுவதும் இவர் பொறுப்பு. மண்டபத்துக்கு வெள்ளைக் கல், நடுவில் வானம் பார்த்த முற்றத்துக்குக் கறுப்புக் கல். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கல் அவர் கைக்கு வந்ததில்லை. ராத்திரி சாப்பாட்டில் வேறு பேச்சே கிடையாது. "கால் வெச்சேன்னா தலை உச்சிவரைக்கும் ஜில்லுன்னு ஏறும். பால் ஆடை மேல நடக்கற மாதிரி இருக்கும், பாரேன்." வீட்டுத் தரை என்னவோ பல வருஷமாக வெறும் சிமெண்டுதான். மிச்சக் கல் வரட்டும், வரட்டும் என்று அதுவும் முடியாமல் கிடக்கிறது. அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

மத்தியானச் சாப்பாட்டை அவள்தான் கோயில் வாசலுக்குக் கொண்டுவருவாள். மண்டபத்தில் பாதிக் கல் விழுந்திருந்த சமயம், தூக்கை நீட்டிவிட்டு, "ஒரு தடவ கால் வெச்சுப் பாத்துட்டுப் போறேனே" என்றாள். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டாள்.

"அரைகுறையைப் பாத்து என்ன பண்ணப்போற? முடியட்டும். ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்."

அவள் சிரித்துக்கொண்டே திரும்பவும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கோயில் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இதற்கிடையில் அவளுக்கு இருந்த சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் காலில் இறங்கியது மேஸ்திரிக்குத் தெரியாது. மாத்திரை சாப்பிடுகிறாள், சரியாகத்தான் இருக்கிறாள் என்று இருந்துவிட்டார். கடைத்தெருவில் ஒரு நாள் செருப்பு கழன்று பின்னால் கிடக்க, அவள் பாட்டுக்கு ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தாள். "கவனத்தை எங்கடி அடகு வெச்சே?" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினார். அதற்கும் அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

திறப்புக்கு முந்தின நாள், வேலை செய்தவர்களின் குடும்பங்கள் மட்டும் தனித்தனியாக வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகத்தார் சொல்லியிருந்தார்கள். மேஸ்திரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மாப்பிள்ளையும் மகளும் வண்டியில் வந்து கூட்டிப்போனார்கள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. கோயிலில் இவர்கள் நாலு பேரையும் காவலாளியையும் தவிர ஆளே இல்லை.

மண்டப வாசலில் மனைவியின் கையைப் பிடித்து, தானே அவளை முதல் கல்லில் ஏற்றினார். கோபுரத்தையோ சந்நிதியையோ அவர் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"ஜில்லுன்னு இருக்குங்க. தலை உச்சிவரைக்கும் ஏறுது."

"நான் சொன்னேன்ல" என்று மாப்பிள்ளையைப் பார்த்தார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மகள் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். காவலாளி கூப்பிட்டு, "மேஸ்திரி, நாளைக்கு ஜனம் வர்றதுக்கு முன்னாடி முற்றத்துல பாய் விரிக்கணும், இல்லேன்னா கால் வெந்துடும்" என்றார். அது மேஸ்திரிக்குத் தெரியாததா? வெயில் ஏறினால் அந்தக் கறுப்புக் கல்லில் அவராலேயே நிற்க முடியாது. பாய்கள் எந்த அறையில் இருக்கின்றன என்று விசாரித்துவிட்டுத் திரும்பினார்.

மனைவி முற்றத்தின் நடுவில், கறுப்புக் கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தாள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி, ஆடாமல் அசையாமல் நின்றாள். நிழல் ஓரத்துக்கு வந்த இவரைப் பார்த்ததும் சந்தோஷப்படுத்துகிற குரலில் சொன்னாள்:

"இங்கேயும் ஜில்லுன்னுதாங்க இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே."

மேஸ்திரி ஓடினார். அவர் பாதம் கல்லில் பட்டதும் துள்ளியது. அவளைத் தோளோடு அணைத்து, ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு வந்து மண்டபப் படியில் உட்காரவைத்தார். "என்னங்க, என்ன ஆச்சு?" என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மகள்தான் உடைத்துச் சொன்னாள். "அம்மாவுக்கு ஒரு வருஷமா கால்ல உணர்ச்சி இல்லப்பா. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அப்பா ஆசையா தரையைப் பத்தியே பேசிட்டிருக்காரு, கோயில் முடியட்டும்னாங்க."

அவர் வார்த்தையைத்தான் அவளும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றாளே, அன்றைக்கு அந்தப் பாதங்களுக்கு உயிர் இருந்தது. தார்ப்பாயை ஒரு ஓரமாக விலக்கி, பாதி மண்டபத்தில் நாலு எட்டு நடக்கவிட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? கல்லை எல்லாம் காலால் சோதித்தவர் வீட்டிலிருந்த காலைக் கவனிக்கவில்லை.

"டாக்டரைப் பாத்துடலாம் மாமா, வண்டியை வாசலுக்குக் கொண்டாறேன்" என்று மாப்பிள்ளை ஓடினார். மகள் தண்ணீர் தேடிப் போனாள்.

மேஸ்திரி கீழ்ப்படியில் உட்கார்ந்து மனைவியின் இரண்டு பாதங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கால் இரண்டும் சிவந்திருந்தன.

"கோயில்ல வெச்சு என்னங்க இது, விடுங்க" என்று அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

அவர் விடவில்லை. கட்டைவிரலைப் பிடித்து, தலையைச் சாய்த்து, விரல் முட்டியால் மெல்லத் தட்டினார்.

"இது தெரியுதா?"

அவள் கோபுரத்தைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள்.

அவர் அடுத்த விரலைத் தட்டினார்.