உபதேசியார் ராஜமாணிக்கத்தின் கப்பல் ஜெபம்

உபதேசியார் ராஜமாணிக்கத்துக்கு மைக் வேண்டாம். போர்ட் பிளேரில் நின்று அவர் தொண்டையைத் திறந்தால் அக்கரையில் பம்பூஃபிளாட்டில் மாடு மிரளும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றில், தூத்துக்குடிக்குத் தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து எங்கள் தமிழ்ச் சபைக்கு வந்த மனுஷன். சபை என்றதும் கோபுரத்தையும் மணிக்கூண்டையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சாத்தம் போகிற ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, ஆண்களுக்கு மரப்பெஞ்சு, பெண்களுக்குப் பாய், ஓரமாக என் ஹார்மோனியம், அவ்வளவுதான்.

ஆள் தங்கமானவர். யாருக்காவது மலேரியா என்று கேள்விப்பட்டால் மழையோடு மழையாகக் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு போய் நிற்பார். பெர்ரிப் படகு ஏறிப் போய், காட்டில் மரம் வெட்ட வந்த ராஞ்சிக்காரர்களுக்குத் தன் ஓட்டை இந்தியில் ஜெபம் பண்ணிவிட்டு வருவார். அவர்கள் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் பிரசங்கம் என்று ஆரம்பித்துவிட்டால் போச்சு. அடுப்பில் வைத்துவிட்டு வந்த குழம்பை நினைத்துப் பெண்கள் நெளிவார்கள், அவர் அடுத்த கதைக்குத் தாவுவார். மெயின்லேண்டில் இருபது வருஷம் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதைகள். எந்த இடத்தில் சனம் சிரிக்கும், எந்த இடத்தில் மூக்கைச் சிந்தும் என்று அவருக்கு அத்துப்படி.

அவருடைய மனைவி ஜெயமணி ஊரிலேயே இருந்தார். “அடுத்த கப்பல்ல வந்துருவா” என்பார். கப்பல்கள் வந்துகொண்டிருந்தன, அந்த அம்மாள் வரவில்லை. கொஞ்ச நாளில் நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

அவர் வந்த மறுவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் கதைகளிலேயே பெரிய கதையை எடுத்தார். கடலோர ஊரில் ஒருத்தி, நாக்கு நீளம், புருஷனைத் தினமும் வறுத்தெடுப்பாள். பொறுக்க முடியாமல் அவன் ஒருநாள் கப்பல் ஏறிப் போய்விடுகிறான். அவள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கரையிலே நின்று அழுகிறாள். “பெண்களே, நாவைக் காத்துக்கொள்ளுங்கள்!” என்று மேஜையைத் தட்டினார்.

ஹார்மோனியத்தில் உட்கார்ந்தால் எனக்குச் சனத்தின் முகம்தான் தெரியும். ஒவ்வொரு தலையாகப் பெண்கள் பக்கம் திரும்பியது. எல்லாக் கண்ணும் போய் நின்றது மரகதத்தின் மேல்.

மரகதம் ஆஸ்பத்திரியில் ஆயா. சிறு பிள்ளையாகப் பெற்றோரோடு இங்கே வந்தவள், பாதி இந்தியும் பாதித் தமிழுமாகப் பேசுவாள். மர ஆலையில் வேலை பார்த்த அவள் புருஷன் லீவு என்று சொல்லி மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினவன் திரும்பவே இல்லை. அங்கே வேறு குடித்தனம் என்று கேள்வி. இத்தனூண்டு ஊரில் இது தெரியாதவர் உபதேசியார் ஒருத்தர்தான். அவர் எங்கே யாரையும் பேச விட்டார், தெரிந்துகொள்ள? பெரிய ஊர்ச் சபையில் இந்தக் கதையைச் சொன்னால் கதையாகவே போய்விடும். கைவிரலில் எண்ணிவிடக்கூடிய எங்கள் சபையில், பேரைச் சொல்லாவிட்டாலும் பேரைச் சொன்ன மாதிரிதான்.

மரகதம் எழுந்தாள். பக்கத்தில் இருந்த மகளின் கையைப் பிடித்தாள். வெளியே போய்விட்டாள்.

ஆராதனை முடிந்ததும் உபதேசியார் முகமெல்லாம் பல்லாக என்னிடம் வந்தார். “பாத்தியளா இந்திராணியம்மா? சனம் அப்படியே கலங்கிட்டுல்லா! ஒரு அம்மா தாங்க முடியாம வெளிய போயிட்டாவ.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹார்மோனியப் பெட்டியைப் படாரென்று மூடினேன். “கலங்கிச்சு, நல்லாக் கலங்கிச்சு! யாரு என்னன்னு விசாரிக்காம எங்கேயோ இருந்து ஒரு கதையத் தூக்கிட்டு வந்து அந்தப் பொண்ணு தலையில போட்டுட்டீங்களே, ஐயா!” என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“அடுத்த வாரம் சபையிலேயே விளக்கிச் சொல்லிருதேன். யாரையும் குறிச்சுச் சொல்லலன்னு” என்றார் கடைசியில்.

“ஐயோ சாமி! அப்பதான் பாக்காதவங்களும் அவளைப் பாப்பாங்க. பேசாம இருங்க.”

பேசாமல் இருப்பாரா? செவ்வாய்க்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு மரகதம் வீட்டுக்குப் போனார். காதர் பாய் சாயாக்கடைக்குப் பின்னால் பலகை தடுத்த ஒற்றை அறை. மூலையில் டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது, பாதி துணி உள்ளே போயிருந்தது. மரகதம் மரியாதையாகச் சாயா போட்டுக் கொடுத்தாள். இவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் பார்த்தால், கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். “ஆண்டவரே! புருஷனாலே கைவிடப்பட்டு, பெண்பிள்ளையோடே பரிதவிக்கிற இந்தச் சகோதரியை...” அந்தக் குரலுக்குப் பலகை எந்த மூலை? அந்தப் பக்கம் கடையில் கிளாஸ் சத்தம் நின்றுபோனது. சாயா குடிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“பஸ், ஐயா, பஸ், போதும். ஆமென்” என்றாள் மரகதம். ஜெபத்தை அவளே முடித்துவிட்டாள். “சாயா ஆறுது.”

உபதேசியார் கண்ணைத் திறந்து முழித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“ஊர் என்னைப் பாத்துச்சு, அது போகட்டும். எனக்குப் பழகிருச்சு” என்றாள் அவள். “ஆனா என் பொண்ணு என்னைப் பாத்தா, ஐயா. ‘அம்மா, நீ திட்டுனதாலதான் அப்பா போயிட்டாரா’ன்னு கேட்டா. நான் திட்டுனேன்தான். குடிச்சிட்டு வந்தா கொஞ்சுவாங்களா? அவளுக்கு நான் என்ன சொல்லட்டும், சொல்லுங்க.”

டிரங்குப் பெட்டியைக் காட்டி நான் கேட்டேன். தூத்துக்குடியில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். அடுத்த புதன்கிழமைக் கப்பலில் இடம் எழுதிவிட்டாளாம். அண்ணி ஒரு மாதம் சேர்ந்தாற்போல் சோறு போட மாட்டாள் என்று அவளுக்கே தெரியும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை, பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போயாக வேண்டும். நான் எவ்வளவோ மன்றாடினேன். “இந்த ஊர்ல என் பிள்ளை அந்தக் கேள்வியோட வளர வேண்டாம் அக்கா” என்றுவிட்டாள்.

எங்கள் சபையில் கப்பல் ஜெபம் என்று ஒரு வழக்கம் உண்டு. கப்பல் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் முன்னால் வந்து வரிசையாக நிற்பார்கள். என்னத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று உபதேசியார் ஒவ்வொருவரையும் கேட்பார். கல்யாணம், தகப்பனார் சீக்கு, பிள்ளைப்பேறு என்று சொல்வார்கள். அலையடிக்கிற கடல், மூன்று நான்கு நாள் பிரயாணம். அந்த ஜெபம் இல்லாமல் எங்கள் சனம் ஒருவரும் கப்பலில் கால் வைக்கமாட்டார்கள்.

மரகதம் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். “கர்த்தர்கிட்ட எனக்கென்ன கோபம்? உபதேசியார்கிட்டத்தான் கோபம்” என்று என் காதில் சொல்லிவிட்டு, மகளோடு போய் வரிசையில் நின்றாள்.

உபதேசியார் முதல் ஆளிடம் கேட்டார், இரண்டாம் ஆளிடம் கேட்டார். மரகதத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அன்றைக்கு அவர் பிரசங்கமும் வழக்கத்தில் பாதிதான், குரலும் எழும்பவில்லை. ‘மறுபடியும் உளறி வைக்காதீங்க ஐயா’ என்று நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் வேதப்புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்து, அந்த வரிசையின் கடைசியில், போகிறவர்களோடு ஒருவராக நின்றார்.

“எனக்கும் ஜெபம் வேணும்” என்றார். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாகச் சொன்னார். “என் வீட்டம்மா அடுத்த கப்பல்ல வருவான்னு உங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அது பொய். நான் அவளைக் கூப்பிடவே இல்ல. எங்களுக்குள்ள சண்டை. அவ வாய்க்குப் பயந்துதான் இங்க மாத்தல் கேட்டு வாங்கினேன். எல்லாம் அவ வாயாலதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவ திட்டுனது நிசந்தான். ஆனா என்னை யாரும் பிடிச்சுத் தள்ளல. கப்பல்ல ஏறினது நான். விட்டுட்டு வந்ததும் நான்.”

ஒருத்தர் பேரும் அவர் எடுக்கவில்லை, ஒருத்தரையும் அவர் பார்க்கவில்லை. மரகதத்தின் மகள் மட்டும் அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

“அம்மா, அப்ப நம்ம அப்பாவும் தானாத்தான் போனாரா?”

“ஆமா” என்றாள் மரகதம். “தானாத்தான் போனாரு.”

எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. மறைக்கவும் இல்லை. குழந்தை தலையை ஆட்டிக்கொண்டு அம்மாவின் இடுப்பில் சாய்ந்துகொண்டது. ஆராதனை நடுவில் பெண்கள் வாய் திறக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மரகதம் திறந்தாள்.

“ஐயா, இத உங்க வீட்டம்மாகிட்டச் சொன்னீங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப எங்ககிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? கேக்க வேண்டியவங்க அங்கல்ல இருக்காங்க!”

பெஞ்சில் யாரோ பெரியவர் கனைத்தார். அவள் அதைச் சட்டை பண்ணவில்லை. “நான் போகல. நாளைக்கு ஷிப்பிங் ஆபீஸ்ல என் பேரை எடுக்கச் சொல்லிடறேன். கப்பல்ல ஒரு படுக்கை காலியாகும். நீங்க போங்க” என்று சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பெண்கள் பாயில் வந்து உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நான் ஒரு பாட்டை வாசிக்கத் தொடங்கினேன். சபை எழுந்து நின்று பாடியது.

புதன்கிழமை சாத்தம் ஜெட்டியில் உபதேசியாரை வழியனுப்ப நாங்கள் எல்லாரும் போனோம். டியூட்டிக்குப் போகிற வழியில் மரகதமும் வந்தாள். மணிக்கணக்கில் பேசுகிற அந்த மனுஷன் அவளிடம் போய், “அவகிட்ட என்னத்தம்மா சொல்லட்டும்?” என்று கேட்டார்.

“போனதும் ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க பேசட்டும். எவ்வளவு திட்டினாலும் முழுசாக் கேளுங்க. நடுவுல ஜெபம் பண்ணிடாதீங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதில்தான் பழைய உபதேசியாரைக் கண்டோம்.

அதற்குப் பின் ஒரு கப்பல் வந்தது, அவர் அதில் இல்லை. நாசரேத்திலேயே தங்கிவிட்டார் என்று ஊர் பேசியது. மறு கப்பலில் வந்தார். தலையில் ஒரு பெட்டி, கையில் ஒரு மூட்டை. அவருக்கு முன்னால் ஏணியில் இறங்கி வந்தது உயரமாக, கறுப்பாக ஓர் அம்மாள். வரவேற்க நின்ற சபைப் பெரியவர்களைக் கண்டுகொள்ளாமல் நேரே பெண்கள் பக்கம் வந்தார்.

“உங்கள்ல மரகதம் யாரு?”

மரகதம் முன்னால் வந்தாள். அந்த அம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“விடிய விடியத் திட்டினேன், தாயி. வாயத் திறக்காமக் கேட்டாரு. அப்படிக் கேக்கச் சொன்னது யாருன்னு பாக்கத்தான் வந்தேன்.”