என் அப்பா குடித்தது காப்பி

ஜப்பானில் ஒகயாமா நகரத்தில் நான் வேலை பார்க்கும் மூளை ஆய்வகத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் எலிகளிடம் மன்னிப்புக் கேட்பார்கள். கேலி இல்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட பேராசிரியர்கள் வரிசையில் நின்று, எங்கள் சோதனைகளில் செத்த எலிகளுக்காக நட்டிருக்கும் கல்லின் முன்னால் வெள்ளைப் பூ வைத்து, இடுப்பு வளையக் குனிவார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற ஆய்வக உதவியாளர் மோரி சான் தன் கைக்குட்டையை நீட்டி, எலிகளை நினைத்தா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். ரொம்ப இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டு, அந்த வாரம் முழுக்க எலி கொல்லும் வேலையை எனக்குக் கொடுக்காமல் அவளே செய்தாள். பாவம், நல்லவள். எனக்கு வந்தது இளக்கம் இல்லை, ஆத்திரம். இங்கே எலிக்கே குனிகிறார்கள். ராஜபாளையத்தில் என் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அப்பா பெயர் சாமுவேல். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற ஆலையில் தறி ஃபிட்டர். ஆலை முதலாளி ஞானராஜ்தான் எங்கள் சபைக் கமிட்டிக்கும் தலைவர். ஆறு நாள் ஆலையில் அவருக்குக் கீழே, ஏழாம் நாள் வேதக்கோயிலில் அவருக்குப் பின்னால் என்று அப்பாவின் வாரம் போகும். அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் அசனம் போடுவார்கள். முதலாளி, தொழிலாளி எல்லாரும் கோயில் வளாகத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும் நாள் அது. கறிக்குழம்பு வாளி எப்போதும் அப்பா கையில்தான். நான் பிளஸ் டூ படித்த வருடம் அந்தக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நடை குறுகி, முகம் விறைத்து, பேச்சும் குழறத் தொடங்கியது. கறுப்புக் காப்பி குடித்தால் கை கொஞ்ச நேரம் சொன்ன பேச்சு கேட்கிறது என்று சொல்லி, தூக்குச்சட்டியில் காப்பி கொண்டு போவார். சாராய வாடையை மறைக்கத்தான் காப்பி என்று ஆலையில் ஏற்கெனவே பேச்சு. அந்த அசனத்தில் குழம்பு சிந்தி, வெளியூர் விருந்தாளி ஒருவரின் வெள்ளைச் சட்டை பாழானது. ஞானராஜ் பந்தியில் இருந்தே குரல் கொடுத்தார்.

"ஏலே, அவன் கையில இருந்து வாளிய வாங்கு. குடிச்சிட்டு வந்து ஆண்டவர் சாப்பாட்டப் பரிமாறுதான்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாக்குக் குழறியது. அதுவே சாட்சியாகிப் போனது. யாரோ வாளியைப் பிடுங்கினார்கள், எங்கள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பந்தி நிற்காமல் நடந்தது. அடுத்த நாள் ஆலையில் வேலை இல்லை என்றார்கள். வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொடாத மனிதருக்குக் குடிகாரச் சாமுவேல் என்று பெயர் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீடு பார்த்துப் போனோம். நரம்புக்குச் சத்து என்று யார் யாரோ சொன்ன டானிக்கை வாங்கிக் குடித்துப் பார்த்தார். கடைசியில் குளியலறையில் விழுந்து, படுத்த படுக்கையாகி, அந்தப் பெயரோடேயே செத்தார். என்ன நோய் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒகயாமாவில். ஒரு கருத்தரங்கில் ஜப்பானியக் கிழவர் ஒருவர் நடக்கும் படத்தைத் திரையில் ஓட்டினார்கள். ஒரு கை வீசாமல், கால் தரையை விட்டு எழாமல், கூன் போட்டு அப்பா நடந்து வந்தார். பார்க்கின்சன் என்றார்கள். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் வன்மத்தோடு படித்தது.

நாளெல்லாம் உழைக்கும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது போய் உட்கார செல்களின் மேல் இருக்கைகள் உண்டு, ஏற்பிகள் என்று பெயர். அது உட்கார்ந்தால் 'போதும், அடங்கு' என்று மூளைக்குத் தகவல் போகும், தூக்கம் வரும். காப்பியில் இருக்கும் கஃபீன், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஆள் மாதிரி. தானும் தகவல் சொல்லாது, அடினோசினையும் உட்கார விடாது. அசைவைக் கவனிக்கிற மூளைப் பகுதியில் இந்த ஏற்பிகளில் ஒரு வகை நிறைய இருக்கிறது. அங்கே டோப்பமின் என்ற இன்னொரு பொருள் 'நட' என்று சொல்லும், இந்த ஏற்பி 'நில்' என்று சொல்லும். பார்க்கின்சனில் டோப்பமின் சுரக்கும் செல்கள் செத்துப்போவதால் நில் என்கிற குரல் மட்டும் ஓங்கிவிடும். அந்த ஏற்பியை மறிக்கிற மாத்திரை ஒன்றை, பழைய மருந்தோடு சேர்த்து, இங்கே டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அது நோயைக் குணப்படுத்தாது. மருந்து பிடிக்காமல் கிடக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. காப்பி மருந்து இல்லை, அதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆராய்கிற அதே இருக்கையில்தான் அப்பாவும் தூக்குச்சட்டிக் காப்பியைக் கொண்டு துண்டு போட்டுப் பார்த்திருக்கிறார்.

சென்ற ஆண்டு ஞானராஜின் மகன் அருள் வாட்ஸப்பில் கூப்பிட்டான். அவன் அப்பாவுக்கும் பார்க்கின்சன். மதுரையில் காட்டி மருந்து சாப்பிடுகிறார், ஆனால் அடுத்த வேளை வருவதற்குள் உடம்பு கட்டிப்போகிறது. ஜப்பானில் புது மாத்திரை இருக்கிறதாமே, அக்கா அதில்தானே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டான். எனக்கு அந்த நிமிடம் இனித்தது. மறைக்க மாட்டேன், நன்றாகவே இனித்தது. நான் எலி மூளையைச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்க்கிறவள், எனக்கு மாத்திரை கொடுக்கும் அதிகாரம் கிடையாது. அதை அவனிடம் சொல்லவில்லை.

"மாத்திரையப் பத்தி நேர்ல பேசுதேன். அசனத்துக்கு வாரேன். எங்க அப்பா குடிக்கலன்னு அங்க வச்சு, மைக்ல, ஒங்க அப்பா சொல்லணும்" என்றேன்.

அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். மறுநாள் சரி என்று செய்தி வந்தது.

அம்மாவிடம் சொன்னபோது, செத்தவரை எதற்கு இழுக்கிறாய் என்று திட்டினாள். பிறகு ராஜபாளையத்துக்கு எத்தனை மணி பஸ்ஸில் போகலாம் என்று அவளே கேட்டாள். அப்பாவின் வாளியைப் பிடுங்கிய நாளுக்குப் பிறகு அவள் அந்த வளாகத்தில் கால் வைத்ததில்லை.

அசனத்தன்று ஞானராஜ் காரில் வந்து இறங்கினார். வாசலுக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. மகன் தாங்கிப் பிடிக்க, நாலு பேர் நாற்காலியோடு ஓடினார்கள். பாவம், முதலாளிக்கு நரம்புத் தளர்ச்சி என்று பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அதே நடுக்கம், அதே நடை. கூலிக்காரனுக்கு வந்தால் குடி, முதலாளிக்கு வந்தால் நரம்புத் தளர்ச்சி. இந்த ஊரை நான் ஒருபோதும் மன்னிக்கப் போவதில்லை.

பந்தியில் இலை போட்டாயிற்று. போதகர் மைக்கை ஞானராஜ் வாயருகே பிடித்தார். முன்வரிசையில் மைக்கை ஒட்டி இருந்த எனக்கு மட்டும் கேட்டது. சாமுவேல் குடிக்கல, நான் சொன்னது தப்பு. கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி ஒரு முனகல். பார்க்கின்சன் குரலையும் தின்னும் என்று பாடம் எடுக்கிற எனக்கு அது ஏன் முன்பே உறைக்கவில்லை? அவர் முகத்தில் வெட்கத்தைப் பார்க்க இத்தனை தூரம் வந்தேன். அந்த முகமோ அப்பா முகம் போலவே விறைத்துக் கிடந்தது, அதில் வெட்கம் வந்தாலும் தெரிய வழியில்லை. ஒலிபெருக்கி இரைந்தது. முதலாளி ஜெபம் பண்ணி முடித்துவிட்டார் என்று நினைத்து யாரோ ஆமென் என்றார்கள். கோயில் வளாகம் முழுக்க ஆமென் என்றது. வாளிகள் புறப்பட்டுவிட்டன.

அருள் என் பக்கமாகக் குனிந்து மாத்திரை பற்றிக் கேட்டான். மதுரை டாக்டரிடமே கேள், நான் எலி வெட்டுகிறவள் என்றேன். அவன் முகம் சுண்டிப்போனது. அது எனக்குப் போதவில்லை. "விடுட்டி, எனக்குக் கேட்டுச்சு" என்று அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது. நான் சோற்றைப் பிசைந்தேன்.

குழம்பு வாளியோடு வந்த இளைஞன் நீங்கள் யார் வீடு என்று கேட்டான். சாமுவேல் மகள் என்றேன். எந்தச் சாமுவேல் என்று முழித்தான். எதிர் இலையில் இருந்த பெரியவர், உதவி செய்கிற நல்ல மனசோடு, பெருமையாகவே சொன்னார்.

"நம்ம குடிகாரச் சாமுவேலு மக. ஜப்பான்ல இருக்கா."

சோற்றுக் கையோடு எழுந்து போய், இடது கையால் மைக்கை எடுத்தேன். நல்ல சத்தமாக வந்த முதல் சொல் 'சுமிமாசென்'. ஜப்பானில் கடையில் ஆளைக் கூப்பிட, ரயிலில் வழி கேட்க, கூட்டத்தில் பேச ஆரம்பிக்க, எல்லாவற்றுக்கும் முன்னால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அப்பாவுக்கு மன்னிப்பை வாங்கப் போன இடத்தில், அந்த ஜனங்களிடம் நானே மன்னிப்புக் கேட்டு நிற்கிறேன். யாருக்கும் புரியவில்லை, என்ன பாஷை என்று நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று, எங்கள் ஊர்ப் பேச்சு நாக்குக்குத் திரும்பி வரும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.