சுவர் சுவிட்சும் மஞ்சள் கரடியும்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் 'சுவிட்சு' என்று பேர். நாம் உட்கார்ந்திருக்கும்போதே ஃபேனை அணைப்பார். உள்ளே ஆள் குளித்துக்கொண்டிருக்க, வெளியே நின்று விளக்கை அணைப்பார். முப்பது வருஷம் மருந்துக் கிடங்கில் சூப்பர்வைசராக இருந்து, அணைப்பதைத் தவிர வேறொன்றும் கற்காமல் ஓய்வு பெற்ற மனுஷர். வாயைத் திறந்தால் மட்டும் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

போன வருஷம் அவர் வீட்டுக்கு இங்க்ஜெட் பிரிண்டர் வந்தது. அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் பிரிண்டரின் பொத்தானைச் சீண்டாமல், நேரே சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டுவார்.

"பொத்தான்ல நிறுத்தினாலும் உள்ள கரண்டு ஓடும். உங்களுக்கெல்லாம் எங்க தெரியப்போகுது!"

மாடியில் குடியிருக்கும் எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் அக்கா மகளுக்கு இன்டர்வியூ. குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைகிற வேலை, இரண்டு வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த ஆறு படங்களைத் தாளில் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குப் போக வேண்டும். முந்தின நாளே கடையில் எடுக்கக் கிளம்பியவளை அவர் விடவில்லை.

"வீட்ல மெஷின வெச்சுக்கிட்டுக் கடைக்குப் போவியா?"

காலை எட்டு மணிக்கு முதல் தாள் வந்தது. படம் முழுக்க வெள்ளைக் கோடுகள். சிவப்புச் சட்டை போட்ட கரடி மஞ்சள் சட்டையில் நின்றது.

"மை வர்ற ஹெட்டைக் கிளீன் பண்ணணும்," என்றார், பெரிய டாக்டர் தோரணையில். கிளீன் பண்ணினார். சிவப்பு வரவில்லை. மறுபடி, மறுபடி. ஒவ்வொரு தடவையும் அது மையைக் குடித்துத் துப்புகிறது என்றுகூடத் தெரியாமல் ஒன்பது தடவை. கடைசியில் மற்ற மைகளும் வற்றின. நான் சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, மணி ஒன்பதரை." அவள் நடுநடுவே வந்திருந்த கோடு விழுந்த தாள்களை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

மதியம் திரும்பினாள். வேலை கிடைக்கவில்லை.

"வரையத் தெரியுதாம். ஆனா இப்படிக் கொண்டு வந்து நீட்டுறவளுக்கு வேலைல அக்கறை இருக்காதாம்."

"பாத்தவன் கண்ணுல கோளாறு," என்றார் சுவிட்சு.

எனக்குப் பொறுக்கவில்லை. பிரிண்டர் பெட்டிக்குள் கிடந்த கையேட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"படிங்க அத்தான். பொத்தானை அழுத்தித்தான் நிறுத்தணுமாம். சுவர்ல நிறுத்தினா ஹெட்டுக்கு மூடி விழாதாம். மை காஞ்சு அடைச்சுக்குமாம். நீங்க பண்ணின வேலைதான் இது."

அவர் முகம் செத்துப்போனது. அந்த முகத்துக்காகத்தானே காத்திருந்தேன்.

அக்கா மகள் கையேட்டை வாங்கினாள். அந்த வரிக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது.

"இது யார் போட்டது, சித்தி?"

நான்தான். பிரிண்டர் வந்த அன்றே போட்டேன். இந்த மனுஷர் என்றைக்காவது மூக்குடைபடட்டும் என்று ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.