எழுபத்து நாலு கிலோவுக்கு ஒரு பலகை

"ஆன்ட்டி, பையனுக்கா பாக்குறீங்க?" என்று கேட்டார் விற்பனையாளர். பரமட்டாவில் பனிவிளையாட்டுச் சாமான்கள் விற்கும் கடை அது. தமிழ்நாட்டுக்காரர். நானும் கணவரும் பேசிக்கொண்டது காதில் விழுந்ததும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"எனக்கு," என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் சுவரில் தொங்கிய கையுறைகளைப் பார்த்தார்.

எனக்கு நாற்பத்தேழு வயது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி வேலை. நாலு குளிர்காலத்துக்கு முன்பு, வார்டில் கூட வேலை செய்பவர்கள் என்னைப் பனிமலைக்கு இழுத்துப்போனார்கள். அன்று முழுக்க விழுந்தேன். அடுத்த வருடமே நின்றபடி பனியில் சறுக்கும் பலகை, யாரோ பாவித்த ஸ்னோபோர்ட் ஒன்றை வாங்கினேன். குட்டையானது, கையால் அழுத்தினாலே வளைவது. பழகுவதற்கு நன்றாகவே இருந்தது. அந்த வருடம்தான் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட கையோடு வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடைக்குச் சாமான் வாங்கப் போனபோது தெரிந்த அன்ரி ஒருவர், "இந்த வயசில உமக்கு ஏன் இந்த வேலை?" என்றார்.

"விருப்பம், அன்ரி," என்றேன். கை சரியானதும் மறுபடியும் மலைக்குப் போனேன்.

கடந்த வருடம் நடுத்தரச் சரிவுகளில் வேகமெடுக்கத் தொடங்கினேன். வேகம் கூடினால் பலகை காலடியில் கிடுகிடுவென்று ஆடியது. மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

விற்பனையாளர் பூப்போட்ட பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். "லேடீஸுக்கு இது ரொம்ப ஈஸி."

"அதைத் தாண்டிட்டன், தம்பி."

முகம் மாறாமல் உள்ளே போய்க் கருநிறப் பலகையோடு திரும்பினார். "அப்ப இது. டாப் மாடல்."

தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. "இது செங்குத்துச் சரிவில பறக்கிற ஆக்களுக்கு. நான் இன்னும் அங்க போகேல்ல. ரெண்டுக்கும் நடுவில உள்ளதைக் காட்டுங்கோ. என்ர எடை எழுபத்து நாலு கிலோ. அதுக்கேத்த நீளம் எடுங்கோ."

கணவர் கையுறையை விட்டுவிட்டுத் திரும்பினார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அந்த எண்ணை அவர் என் வாயால் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தத் தம்பி என்னோடு உண்மையாகப் பேசினார். குந்தியிருந்து என் சப்பாத்தைப் பலகையின் குறுக்கே வைத்து அளந்தார். "விரல் பக்கம் வெளிய நீட்டினா, திரும்பும்போது பனியில இடிக்கும். கொஞ்சம் அகலமானதா எடுக்கலாம்." அதையே வாங்கினேன்.

மலையில் முதல் நாள் மூன்று தரம் விழுந்தேன். உடம்பை ஒரு கணம் பிந்தித் திருப்பினாலும் புதிய பலகை பொறுக்கவில்லை.

"பழசில இப்பிடி விழேல்லையே?" என்றார் கணவர்.

"பழசு என்ர பிழையளை மூடி மறைச்சது."

இரண்டாம் நாள் காலை பனி கண்ணாடிபோல இறுகிக் கிடந்தது. வேகமெடுத்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். பலகையின் விளிம்பு பனியைக் கடித்துப் பிடித்துக்கொண்டது, ஆட்டமே இல்லை. அடிவாரம் வரைக்கும் விழாமல் வந்தேன்.

"இண்டைக்கு இவ்வளவு காணுமே? வெளிக்கிடுவமா?" என்றார் கணவர்.

"நீங்கள் தேத்தண்ணி குடியுங்கோ. நான் இன்னொருக்கா மேல போட்டு வாறன்."